ஜெட் படகுப் பராமரிப்பு

ஜெட் படகுப் பராமரிப்பு என்பது, நீர்த்தாரையைப் பின்னோக்கிப் பீய்ச்சி முன்னோக்கிச் செல்லும் படகு ஒன்றைப் பழுதின்றி வைத்திருப்பதற்காகக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் செய்யப்படும் பணிகளைக் குறிக்கும். இவ்வகைப் படகு தாரைப் படகு எனவும் அழைக்கப்படும். பயன்பாடு முடிந்ததும் இதனை இழுவண்டியில் ஏற்றிக் கரையில் வைக்கலாம். அல்லது படகுத்துறையில் கட்டித் தொடர்ந்து நீரிலேயே விடலாம். இக்கட்டுரை இரண்டாவது வகையான படகுகளின் பராமரிப்பைப் பற்றியது.

கரையில் வைக்கப்படும் படகு பெரும்பாலும் ஓடும்போதே தேய்கிறது. நீரில் விடப்படும் படகோ ஓடாமல் நிற்கும்போதும் மெல்லப் பழுதடைந்து கொண்டிருக்கிறது. அதன் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் ஒட்டுகின்றன. உலோகப் பாகங்கள் அரிக்கப்படுகின்றன. சீல்கள் வழியாக நீர் கசிகிறது. பெரும்பாலான ஜெட் படகுகளுக்குத் தனியான சுக்கான் கிடையாது. தாரை வெளிவரும் திசையை மாற்றியே படகு திருப்பப்படுவதால், தாரை நின்றால் திசைதிருப்பும் ஆற்றலும் இல்லாமற் போகும். இக்காரணத்தால் ஜெட் படகுப் பராமரிப்பு செலவைக் குறைக்கும் வழி மட்டுமன்று, பயணிகளின் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையதும் ஆகும்.

பின்னணி

இன்றைய ஜெட் படகை உருவாக்கியவராக நியூசிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹாமில்டன் (1899 - 1978) அறியப்படுகிறார். தென் தீவிலுள்ள ஆறுகள் ஆழம் குறைந்தவை, கூழாங்கற்கள் நிறைந்தவை. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சுழல்விசிறி இவ்வாறுகளில் கற்களில் மோதி உடைந்துவிடும். இதற்குத் தீர்வாக 1950களின் முற்பகுதியில் ஹாமில்டன் தமது ஐரிஷ்மன் கிரீக் பண்ணையில் நீர்த்தாரை அலகுகளை உருவாக்கினார். தாரையை நீர்மட்டத்துக்கு அடியில் அல்லாமல் அதற்குச் சற்று மேலே வெளியேற்றும் அமைப்பு வேகத்தைக் கூட்டியது.

1960இல் ஹாமில்டன் படகுகள் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கன்யன் பகுதியை நீரோட்டத்துக்கு எதிராக ஏறிக் கடந்தன. 1977இல் எட்மண்ட் ஹில்லாரி தலைமையிலான குழு வங்காள விரிகுடாவில் தொடங்கிக் கங்கையாற்றின் வழியே ஜெட் படகுகளில் இமயமலை நோக்கிச் சென்றது. நந்தபிரயாகைக்கு அருகே ஓர் அருவி அப்படகுகளைத் தடுத்து நிறுத்தியது.

தொடக்ககால ஜெட் படகுகள் ஆற்று நன்னீரில் ஓடிப் பின்னர் கரையேற்றப்பட்டவை. பின்னாளில் நீர்த்தாரை அலகுகள் காவற்படகுகள், மீட்புப் படகுகள், பயணிகள் படகுகள், பொழுதுபோக்குப் படகுகள் ஆகியவற்றிலும் பொருத்தப்பட்டன. இவற்றுட் பல உப்புநீரில் மாதக்கணக்கில் நிற்பவை. ஆற்றுக் கற்களுக்கு ஈடுகொடுக்க உருவான அமைப்பு, கடலில் உயிர்ப்படிவு, அரிமானம் ஆகிய வேறு இரண்டு சிக்கல்களை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

தாரை அலகின் அமைப்பு

படகின் அடிப்பரப்பிலுள்ள திறப்பின் வழியாக நீர் உள்ளிழுக்கப்படுகிறது. கற்கள், கயிறுகள் முதலியன நுழையாதவாறு இத்திறப்பில் கம்பித் தடுப்பு ஒன்று உண்டு. உள்ளே வரும் நீரை இயந்திரத்தால் சுழற்றப்படும் இம்பெல்லர் பின்னோக்கித் தள்ளுகிறது. இம்பெல்லருக்குப் பின்னால் அசையாது நிற்கும் தகடுகள் நீரின் சுழற்சியை நேராக்குகின்றன. இறுதியில் குறுகலான நாசில் வழியாக நீர் மிகுந்த வேகத்துடன் வெளியேறுகிறது. நாசிலின் முனையை இடம் வலமாகத் திருப்பினால் படகு திரும்பும். அதன்மேல் கவிழும் கிண்ணம் போன்ற பாகம் தாரையை முன்னோக்கித் திருப்புவதால் படகு பின்னோக்கிச் செல்லும்.

இம்பெல்லரின் விளிம்புக்கும் அதைச் சூழ்ந்துள்ள தேய்மான வளையத்துக்கும் இடையிலான இடைவெளி மிகச் சிறியது. சிறிய அலகுகளில் இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். மணலும் சரளையும் வளையத்தைத் தேய்க்கும்போது இடைவெளி கூடுகிறது. அப்போது தள்ளப்பட்ட நீரின் ஒரு பகுதி இடைவெளி வழியாக முன்பக்கம் திரும்பி வந்துவிடும். இயந்திரம் வேகமாகச் சுழன்றாலும் படகின் வேகம் கூடாது.

நீர் போதிய அளவு உள்ளே வராவிட்டால் இம்பெல்லர் தகடுகளின் மேல் அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழ்கள் உண்டாகின்றன. இது கேவிட்டேஷன் எனப்படும். இக்குமிழ்கள் உடையும்போது ஏற்படும் அதிர்ச்சி காலப்போக்கில் உலோகத்தில் சிறுகுழிகளைத் தோற்றுவிக்கும்.

பல சிறிய ஜெட் படகுகளில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரும் தாரை அலகிலிருந்தே எடுக்கப்படுகிறது. எனவே உள்ளிழுப்புத் திறப்பு அடைபட்டால் உந்துவிசை குறைவதோடு இயந்திரமும் சூடேறும்.

உயிர்ப்படிவு

நீரில் மூழ்கிய எந்தப் பரப்பிலும் முதலில் நுண்ணுயிர்களாலான வழுவழுப்பான படலம் உருவாகிறது. அதன்மேல் பாசி வளர்கிறது. கடல்நீரில் கொட்டலசு, மட்டி ஆகியவற்றின் இளவுயிரிகளும் வந்து ஒட்டுகின்றன. கொட்டலசு தன் தலைப்பக்கத்தால் பரப்பில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிச் சுண்ண ஓட்டை அமைக்கிறது. வழுவழுப்பான படலம் படகு வேகமாக ஓடும்போது ஓரளவு கழன்றுபோகும். ஆனால் ஓடு அமைத்துவிட்ட கொட்டலசு அவ்வாறு போவதில்லை. அதனைச் சுரண்டியே எடுக்க வேண்டும்.

சுழல்விசிறிப் படகில் உயிர்ப்படிவு முதன்மையாக அடிப்பரப்பின் உராய்வைக் கூட்டுகிறது. ஜெட் படகில் நீர் செல்லும் குழாயினுள்ளும், கம்பித் தடுப்பிலும், இம்பெல்லரிலும் படிவு உண்டாவதால் பாதிப்பு மிகுதி. மிகச் சிறிய இடைவெளி உள்ள இடத்தில் சில கொட்டலசுகள் வளர்ந்தாலே இம்பெல்லர் உராயவோ சிக்கிக்கொள்ளவோ கூடும். திருப்பு நாசில், பின்னோட்டக் கிண்ணம் ஆகியவற்றின் மூட்டுகளிலும் இவை வளர்ந்து அசைவைத் தடுக்கும்.

இதனைத் தடுக்க, நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பகுதிகளில் உயிர்ப்படிவுத் தடுப்பு வண்ணம் பூசப்படுகிறது. இதில் கருத்திற்கொள்ள வேண்டியவை:

* இவ்வண்ணங்கள் பலவற்றில் நச்சுப்பொருளாகச் செம்பு ஆக்சைடு உள்ளது. செம்பு அலுமினியத்தோடு நீரில் தொடர்புற்றால் அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். பெரும்பாலான தாரை அலகுகளின் உறை அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது. எனவே அலுமினியத்துக்கு ஏற்றதெனக் குறிப்பிடப்பட்ட வண்ணமே பயன்படுத்தப்பட வேண்டும்.
* தேய்மான வளையத்தின் உட்பரப்பு, நகரும் தண்டுகள், காப்பு நேர்மின்வாய்கள் ஆகியவற்றின் மீது வண்ணம் பூசலாகாது.
* முற்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட டிரைபியூட்டைல் டின் சேர்ந்த வண்ணங்கள் கடல்வாழ் நத்தைகள், சிப்பிகள் முதலியவற்றுக்குப் பெருங்கேடு விளைவித்தன. இவற்றைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது.

வண்ணம் பூசப்படாத பகுதிகளுக்கு அடிக்கடி ஓட்டுவதே சிறந்த காப்பாகும். துறையில் கட்டியபடியே இயந்திரத்தை மெதுவாக ஓடவிடுவதால் அதிகப் பயன் இல்லை. ஆழம் குறைந்த துறையில் அது சேற்றையும் உள்ளிழுக்கும். படகை வெளியே கொண்டுசென்று போதிய வேகத்தில் ஓட்டினால் புதிதாகப் படிந்த படலம் நீங்கும். வாய்ப்புள்ள இடங்களில் படகை நீர்மட்டத்துக்கு மேல் தூக்கி வைக்கும் மிதவை மேடைகளும் தூக்கிகளும் பயன்படுகின்றன.

அரிமானமும் காப்பு நேர்மின்வாயும்

இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் இருக்கும்போது அவை ஒரு மின்கலம் போலச் செயற்படுகின்றன. அவற்றுள் வினைத்திறன் கூடிய உலோகம் கரைகிறது. இது கால்வானிக் அரிமானம் எனப்படும். தாரை அலகில் அலுமினிய உறையும் துருவேறா எஃகு இம்பெல்லரும் அருகருகே உள்ளன. தடுப்பு எதுவும் இல்லாவிடில் அலுமினியமே கரையும்.

இதனைத் தவிர்க்க, அலுமினிய உறையை விட எளிதிற் கரையும் உலோகக் கட்டி ஒன்று அலகோடு இணைக்கப்படுகிறது. அது தான் கரைந்து மற்றப் பாகங்களைக் காக்கிறது. இம்முறையை 1824இல் ஆங்கிலேய வேதியியலாளர் அம்ப்ரி டேவி முன்வைத்தார். மரக்கப்பல்களின் அடியிற் பொருத்தப்பட்ட செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிக்கப்பட்டு வந்தன. டேவி அவற்றோடு துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் துண்டுகளை இணைத்தார். செம்பு அரிபடுவது நின்றது. ஆனால் கரையும் செம்பின் நச்சுத்தன்மையே அதுவரை கொட்டலசையும் பாசியையும் விலக்கி வந்தது. செம்பு கரைவது நின்றதும் அவை தகடுகளில் வளரத் தொடங்கின. இதனால் பிரித்தானியக் கடற்படை அம்முறையைக் கைவிட்டது. அரிமானம், உயிர்ப்படிவு ஆகிய இரண்டில் ஒன்றுக்குச் செய்யும் தீர்வு மற்றொன்றைப் பாதிக்கலாம் என்பதற்கு இது பழைய சான்றாகும்.

காப்பு நேர்மின்வாய் எந்த உலோகத்தால் ஆனது என்பது நீரின் தன்மையைப் பொறுத்தது:

* உப்புநீர்: துத்தநாகம் அல்லது அலுமினியக் கலப்புலோகம்
* கழிமுகம் போன்ற கலப்பு நீர்: அலுமினியக் கலப்புலோகம்
* நன்னீர்: மக்னீசியம் அல்லது அலுமினியக் கலப்புலோகம்

நன்னீரில் துத்தநாகத்தின் மேல் கடினமான படலம் உருவாகி அது செயலிழக்கும். உப்புநீரில் மக்னீசியம் மிக விரைவாகக் கரைந்து தீர்ந்துவிடும். தாரை அலகைத் தயாரித்த நிறுவனம் குறிப்பிடும் வகையே முதன்மையாகக் கருதப்பட வேண்டும்.

நேர்மின்வாய் ஏறத்தாழப் பாதி கரைந்ததும் மாற்றப்படுகிறது. பல மாதங்களாகியும் அது சிறிதும் கரையவில்லை என்றால், அதனை நற்குறியாகக் கொள்ளலாகாது. அது அலகோடு மின்தொடர்பு இல்லாமல் இருக்கலாம், அல்லது அதன்மேல் வண்ணம் பூசப்பட்டிருக்கலாம். அந்நிலையில் வேறொரு பாகமே கரைந்து கொண்டிருக்கும். மாறாக, ஓரிரு வாரங்களில் நேர்மின்வாய் கரைந்து தீர்ந்தால் மின்கசிவு உள்ளதாக ஐயுற வேண்டும். கரையிலிருந்து மின்சாரம் பெறும் படகுகள் அனைத்தும் ஒரே புவியிணைப்புக் கம்பி வழியாக இணைந்துவிடுவதால், ஒரு படகின் நேர்மின்வாய் அருகிலுள்ள படகையும் காக்க முயன்று விரைவிற் கரையலாம். இதனைத் தடுக்கக் கால்வானிக் தனிப்படுத்தி என்னும் கருவி பொருத்தப்படுகிறது.

துருவேறா எஃகும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. அதன் காப்புப் படலம் நிலைப்பதற்கு ஆக்சிசன் தேவை. கொட்டலசின் அடியிலும், நீர் தேங்கும் இடுக்குகளிலும் ஆக்சிசன் குறைவதால் அங்கே எஃகும் அரிக்கப்படும்.

நீர் உட்புகுதல்

இம்பெல்லரைச் சுழற்றும் தண்டு படகின் உடலைத் துளைத்துச் செல்கிறது. அவ்விடத்தில் நீர் புகாதவாறு சீல் ஒன்று உள்ளது. தண்டைத் தாங்கும் பேரிங்குகள் அலகின் வகைக்கேற்ப கிரீஸ் அல்லது எண்ணெயால் உயவூட்டப்படுகின்றன. எண்ணெய் பால் போன்ற நிறம் பெற்றிருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள். சீல் பழுதடைந்ததற்கு இது முதல் அறிகுறியாகும்.

கரையில் நிற்கும் படகில் சீல் கசிந்தால் பெருந்தீங்கு இல்லை. நீரில் நிற்கும் படகில் அதே கசிவு படகை மூழ்கடிக்கலாம். நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 2.5 செ.மீ. விட்டமுள்ள துளை ஒன்றிருந்தால், அதன் வழியே நிமிடத்துக்கு 40 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் உட்புகும். எனவே அடித்தளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் தானியங்கிப் பம்பும் அதை இயக்கும் மின்கலமும் எப்போதும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். பம்பின் மிதவை விசையைக் கையால் உயர்த்தி அது இயங்குகிறதா எனச் சோதிக்கலாம்.

12 வோல்ட்டு ஈய அமில மின்கலம் முழுமையாக மின்னேற்றப்பட்டு ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். 12.2 வோல்ட்டு அளவில் அது பாதியே மிஞ்சியுள்ளது. நீரில் விடப்பட்ட படகுகளில் மழைநீர் சேர்ந்து, பம்பு தொடர்ந்து இயங்கி மின்கலம் தீர்ந்த பின்னர் படகு மூழ்குவதும் உண்டு. ஆகவே படகை மூடும் உறையும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

இயந்திரம்

உப்புநீரால் நேரடியாகக் குளிர்விக்கப்படும் இயந்திரத்தின் உட்பாதைகளில் உப்பு படியும். இதனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நன்னீரால் கழுவுவது வழக்கம். இதற்கெனத் தனிக் குழாயிணைப்பு உள்ள படகுகளில் வரிசை முக்கியமானது: முதலில் இயந்திரம் இயக்கப்பட்டுப் பின்னர் நீர் திறக்கப்படும், முடிவில் நீர் மூடப்பட்டுப் பின்னர் இயந்திரம் நிறுத்தப்படும். இயந்திரம் ஓடாதபோது நீர் திறக்கப்பட்டால் அது புகைபோக்கிக் குழாய் வழியாக இயந்திரத்தினுள் புகக்கூடும். நீரில் நிற்கும்போது இவ்வாறு கழுவ இயலுமா என்பது படகின் வகையைப் பொறுத்தது.

இயந்திர எண்ணெயையும் வடிகட்டியையும் 100 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது மாற்றுமாறு பல தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும். நீரளவு கூடினால் எத்தனாலும் நீரும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். நீண்டகாலம் ஓடாத படகுகளில் இது இயந்திரக் கோளாறுக்குக் காரணமாகிறது.

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கும். உள்ளமை பெட்ரோல் இயந்திரம் கொண்ட படகுகளில், இயக்குவதற்கு முன் குறைந்தது 4 நிமிடங்கள் காற்றோட்ட விசிறியை ஓட்டுவது அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் கடைப்பிடிக்கப்படும் பாதுகாப்பு விதியாகும்.

அடைப்பு நீக்குதல்

நீர்ப்பாசி, கயிறு, நெகிழிப்பை போன்றவை கம்பித் தடுப்பில் சிக்குவது ஜெட் படகுகளில் அடிக்கடி நிகழ்வதாகும். சில வேளைகளில் இயந்திரத்தை நிறுத்தியவுடன் உறிஞ்சுவிசை நீங்கி அவை தாமாகவே விழுந்துவிடும். விழாவிட்டால், நீர்மட்டத்துக்கு மேலுள்ள சோதனைத் திறப்பு வழியாகக் கையால் எடுக்கலாம். இத்திறப்பு பல அலகுகளில் உள்ளது. இப்பணிக்கு முன் இயந்திரம் நிறுத்தப்பட்டு, சாவியும் பாதுகாப்புக் கயிறும் அகற்றப்பட வேண்டும். பணி முடிந்ததும் மூடி சரியாகப் பூட்டப்பட்டதா எனப் பார்ப்பது இன்றியமையாதது.

கால அட்டவணை

நீரில் விடப்படும் படகுக்கான பொதுவான அட்டவணை வருமாறு. தயாரிப்பாளரின் கையேடு வேறு கால அளவு கூறினால் அதுவே பின்பற்றத்தக்கது.

* ஒவ்வொரு பயணத்துக்கும் முன்: அடித்தள நீர், எண்ணெய் அளவு, சோதனைத் திறப்பின் மூடி, திருப்பு நாசில், பின்னோட்டக் கிண்ணம் ஆகியவற்றின் முழு அசைவு
* ஒவ்வொரு பயணத்துக்கும் பின்: நன்னீர்க் கழுவல், கிண்ணத்தையும் நாசிலையும் பலமுறை அசைத்தல்
* வாரந்தோறும்: மின்கல அளவு, தானியங்கிப் பம்பு, கட்டுக்கயிறுகள், படகை வெளியே கொண்டுசென்று ஓட்டுதல்
* மாதந்தோறும்: நேர்மின்வாய்கள், கம்பித் தடுப்பு, இம்பெல்லர் விளிம்பு, கடல்நீர் வடிகட்டி, கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்குக் கிரீஸ்
* ஆண்டுதோறும்: படகைக் கரையேற்றிச் சுரண்டுதல், வண்ணம் பூசுதல், இம்பெல்லர் இடைவெளியை அளத்தல், சீல், பேரிங், எண்ணெய், நீர்க்குழாய்கள் ஆகியவற்றைச் சோதித்தல்

குளிர்நாடுகளில் நீர் உறையும் காலத்துக்கு முன் படகு கரையேற்றப்பட்டு, இயந்திரத்திலுள்ள நீர் வெளியேற்றப்படுகிறது. நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால் இயந்திர உடலே வெடிக்கக்கூடும்.

பழுதுகளின் அறிகுறிகள்

* இயந்திரச் சுழற்சி கூடியும் வேகம் கூடாமை: கம்பித் தடுப்பில் அடைப்பு, உயிர்ப்படிவு அல்லது தேய்ந்த வளையம்
* திடீர் அதிர்வு: இம்பெல்லரில் கல் அல்லது கயிறு, வளைந்த தகடு
* வெப்ப எச்சரிக்கை: உள்ளிழுப்பு அல்லது குளிர்நீர்ப் பாதையில் அடைப்பு
* திருப்புசக்கரம் இறுகுதல்: துருவேறிய கம்பி, மூட்டுகளில் கொட்டலசு
* நடுநிலையில் படகு நகர்தல்: பின்னோட்டக் கிண்ணத்தின் கம்பி சரியாக அமைக்கப்படாமை
* பின்பகுதி வழக்கத்தை விடத் தாழ்ந்து நிற்றல்: அடித்தளத்தில் நீர்

இவற்றுள் முதலாவது படிப்படியாகத் தோன்றுவதால் எளிதிற் கவனிக்கப்படுவதில்லை. புதிய நிலையில் குறிப்பிட்ட சுழற்சிக்குப் படகு எட்டும் வேகத்தைக் குறித்து வைத்து, அவ்வப்போது ஒப்பிடுவது இதனைக் கண்டறியும் எளிய வழியாகும்.

சூழல் தாக்கம்

தாரை அலகினுள் எப்போதும் சிறிது நீர் தங்கும். படகு ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லப்படும்போது அந்நீரோடு அயல் உயிரினங்களும் பரவலாம். கருங்கடல், காசுப்பியன் கடல் பகுதிகளைச் சேர்ந்த வரிக்குதிரை மட்டி 1988இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. நியூசிலாந்தின் தென் தீவு ஆறுகளில் 2004இல் டிடிமோ என்னும் நன்னீர்ப் பாசி கண்டறியப்பட்டது. அதன்பின் அந்நாட்டில் படகுகளையும் மீன்பிடி கருவிகளையும் சோதித்து, கழுவி, உலர்த்திய பின்னரே வேறு நீர்நிலைக்குக் கொண்டுசெல்லுமாறு வலியுறுத்தப்படுகிறது. சுரண்டப்படும் பழைய வண்ணமும் அடித்தளத்திலுள்ள எண்ணெய் கலந்த நீரும் நீர்நிலையிற் கலவாமல் தனியே சேகரிக்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* நீர்த்தாரை உந்துகை
* அரிமானம்
* கொட்டலசு
* அம்ப்ரி டேவி
* எட்மண்ட் ஹில்லாரி